திரைவாசிப்பானோடு இணையம்: டேப் விசைக்கு அப்பால்

ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு சிறிய அறையில் நாலைந்து பேர் கூடுகிறோம். பார்வையற்றவர்களும் பார்வை மங்கிக்கொண்டு வருபவர்களும் வருகிறார்கள். நான் முதல் வகை. கைபேசியைப் பேச வைத்துத் திறமையாகக் கையாளுபவர்கள்கூடக் கணினியின் முன் உட்கார்ந்ததும் தடுமாறுகிறார்கள். தடுமாறும் இடங்களும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. அந்த இடங்களை வைத்துத்தான் கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன்.

வரிசையை மாற்றாதீர்கள். படிவம் நிரப்பும் அவசரத்தில் எட்டாம் படியிலிருந்து தொடங்கியவர்கள் எல்லோரும் ஆறாம் படிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினிக்கும், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானுக்கும் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் நிரல்), குரோம் அல்லது ஃபயர்ஃபொக்ஸ் உலாவிக்கும் உரியவை. ஜோஸ் என்ற திரைவாசிப்பான் நல்லதுதான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். தலைப்புக்கு எச், அட்டவணைக்கு டி போன்ற சில விசைகள் அதிலும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

1. தொடங்குவதற்கு முன்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி வேண்டும். யாரோ கொடுத்த பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஓடும் கடைசி என்விடிஏ 2023.3 தொடர்தான், கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. விசைகளைப் பழக அது போதும். வங்கிக் கணக்கையோ அடையாள அட்டை விவரங்களையோ அதில் திறக்க வேண்டாம்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களும் தனியாக ஒரு முழு விசைப்பலகை வாங்குவது நல்லது. இன்சர்ட் விசையும் எண்களுக்கான பகுதியும் அதில் விரலுக்குத் தெளிவாகக் கிடைக்கும்.

காதணிக் கருவி கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத் கருவிகள் பல, பேச்சு நின்றவுடன் உறங்கிவிடுகின்றன. அடுத்த சொல் வரும்போது அதன் முதல் அசையை விழுங்கிவிடும். புதியவர் அதைத் தன் காதின் குறையாக எண்ணிக்கொள்வார். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மற்றக் காது அறைக்கு வேண்டும்.

பார்க்காமல் தட்டெழுதத் தெரிந்திருக்க வேண்டும். இது இல்லாமல் வருபவர்களை நான் முதல் மூன்று வாரம் உலாவியைத் திறக்கவே விடுவதில்லை, கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. எஃப், ஜே விசைகளின் மேல் சிறு புடைப்பு இருக்கும். சுட்டுவிரல்கள் அங்கே அமர்ந்தால் மற்ற விரல்களுக்கு இடம் தானாகத் தெரியும்.

கடைசியாக இணைப்பு. மழையும் பனியும் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி இறங்கிய பக்கத்தில் பயிற்சி செய்தால், தவறு உங்களுடையதா இணைப்புடையதா என்று பிரித்தறிய முடியாது. எனவே சிக்னல் நன்றாக உள்ள நேரத்தில் இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து, கொன்ட்ரோல், எஸ் அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். டேட்டா செலவில்லாமல், இணைப்பே இல்லாமல், அதே பக்கத்தை நூறு முறை திறந்து பழகலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் நுவரெலியா பற்றிய கட்டுரை இதற்குப் பொருத்தமானது. தலைப்புகளும் இணைப்புகளும் படங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

2. நிறுவுதல்

விண்டோஸில் நரேட்டர் என்ற பேசும் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். அதன் உதவியோடு, அல்லது பார்வையுள்ள ஒருவரின் உதவியோடு, என்வி அக்செஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்து என்விடிஏயை இறக்குங்கள்.

இறக்கும்போது அந்தத் தளம் நன்கொடை கேட்கும். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், காசு கட்டினால்தான் கிடைக்கும் என்று நினைத்து. நன்கொடை கட்டாயமில்லை, இம்முறை தவிர்க்கிறேன் என்ற தெரிவு அங்கேயே இருக்கிறது.

இறங்கிய கோப்பைத் திறந்ததும் என்விடிஏ தானே பேசத் தொடங்கும். அந்த நொடியில் நரேட்டரை நிறுத்துங்கள். தொடங்கிய அதே விசைகள்தாம். இரண்டும் சேர்ந்து பேசினால் சந்தையில் நிற்பது போல இருக்கும். உரிம ஒப்பந்தத்தை ஏற்கும் பெட்டியில் குறியிட்டு, நிறுவுங்கள். இனிமேல் கொன்ட்ரோல், ஆல்ட், என் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ எழும். இந்தச் சேர்க்கையை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். பேச்சு நின்றுபோகும் நாளில் இதுதான் கைகொடுக்கும்.

முதல் முறை திறக்கும் வரவேற்புப் பெட்டியில் இரண்டு விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும். முழு விசைப்பலகை என்றால் டெஸ்க்டொப் அமைப்பு, மடிக்கணினி என்றால் லெப்டொப் அமைப்பு. அடுத்து, கேப்ஸ் லொக்கையும் என்விடிஏ விசையாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். குறியிடுங்கள். இன்சர்ட் விசை எங்கே என்று தேட வேண்டியதில்லை. உண்மையான கேப்ஸ் லொக் வேண்டும்போது அதை விரைவாக இரு முறை தட்டினால் போதும்.

இனி நான் 'என்விடிஏ விசை' என்று எழுதும்போதெல்லாம் இன்சர்ட் அல்லது கேப்ஸ் லொக் என்று கொள்ளுங்கள். மற்ற விசையை அழுத்தி முடிக்கும்வரை அதைப் பிடித்திருக்க வேண்டும்.

சொந்தக் கணினி இல்லாதவர்கள், என்விடிஏயின் நகர்த்தக்கூடிய நகலை ஒரு பென் டிரைவில் உருவாக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். நிறுவாமலே எந்த விண்டோஸ் கணினியிலும் ஓடும். நிர்வாகியின் அனுமதி கேட்கும் திரைகளில் மட்டும் அது ஊமையாகிவிடும்.

3. குரலை உங்கள் கைக்குள் கொண்டுவருதல்

முதலில் கற்க வேண்டியது பேச வைப்பதல்ல, வாயை மூட வைப்பது. கொன்ட்ரோல் விசையைத் தனியாகத் தட்டினால் பேச்சு நிற்கும். ஷிஃப்ட் விசை இடைநிறுத்தும். மீண்டும் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இது தெரியாதவர் ஒரு பக்கம் முழுவதும் வாசித்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் முதல் சலிப்பு வருகிறது.

தமிழ்க் குரலுக்கு இரண்டு வழிகள். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. அல்லது விண்டோஸின் பேச்சு அமைப்புகளுக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். வள்ளுவர் என்ற பெயரில் ஓர் ஆண் குரல் கிடைக்கும். என்விடிஏ விசை, கொன்ட்ரோல், எஸ் அழுத்தி எந்தக் குரலியந்திரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

வள்ளுவர் காதுக்கு இனிமை. ஈஸ்பீக் தகரத்தில் தட்டுவது போல ஒலிக்கும். ஆனாலும் நான் ஈஸ்பீக்கையே சொல்வேன். விசையைத் தட்டிய கணமே பேசும், வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது. இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டால் தகரம் காதுக்குப் பழகிவிடும்.

வேகத்தைத் தொடக்கத்தில் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு படி கூட்டுங்கள். டெஸ்க்டொப் அமைப்பில் என்விடிஏ விசையோடு கொன்ட்ரோலைப் பிடித்து மேல், கீழ் அம்புகளைத் தட்டினால் வேகம் மாறும். அந்த இடத்தில் வேகத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தால் இட, வல அம்புகளால் வேகத்துக்கு நகருங்கள். லெப்டொப் அமைப்பில் இவற்றோடு ஷிஃப்டும் சேரும்.

4. விசைகளோடு ஒரு மணி நேரம்

என்விடிஏ விசை, 1. இப்போது எந்த விசையைத் தட்டினாலும் அது எதையும் செய்யாது. தன் பெயரையும் தன் வேலையையும் மட்டும் சொல்லும். மீண்டும் அதையே அழுத்தினால் வழமைக்குத் திரும்பும்.

எதையும் கெடுத்துவிட முடியாத இடம் இது ஒன்றுதான். 'ஏதாவது அழிந்துவிடுமோ' என்று விரலைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் மிக அவசியம். கொட்டகலையிலிருந்து வரும் ஓர் அக்கா இதிலேயே இரண்டு ஞாயிறு கழித்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் 'இந்த விசை எது' என்று கேட்டதில்லை.

5. உலாவியின் சட்டகம்

உலாவி ஒரு வீடு என்றால் வலைப்பக்கம் அதற்குள் விரித்த பாய். எதன் மேல் நிற்கிறோம் என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

முகவரி எழுதும் இடத்துக்குப் போக கொன்ட்ரோல், எல். புதிய தாவலுக்கு கொன்ட்ரோல், டி. தாவலை மூட கொன்ட்ரோல், டபிள்யூ. தாவல்களுக்கிடையே மாற கொன்ட்ரோல், டேப். முந்தைய பக்கத்துக்கு ஆல்ட், இட அம்பு. இவை ஐந்தும் போதும்.

முகவரியை எழுதும்போது உலாவி தானே மீதியை ஊகித்து நிரப்பும். பார்வையுள்ளவர் அதைக் கண்டுகொள்வார். நாம் கேட்பதற்குள் என்டர் தட்டிவிடுவோம், எங்கோ போய் நிற்போம். எழுதி முடித்ததும் ஒரு முறை டிலீட் தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள். ஊகித்த பகுதி போய்விடும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழ் விசையமைப்பில் எழுதிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும். விண்டோஸ் விசை, ஸ்பேஸ் அழுத்தினால் அமைப்பு மாறும், எதற்கு மாறியது என்று என்விடிஏ சொல்லும்.

பக்கம் திறந்ததும் என்விடிஏ விசை, டி. அது தலைப்பைச் சொல்லும். நீங்கள் கேட்ட பக்கம்தானா என்று உறுதி செய்த பிறகே அடுத்த அடி.

6. இரண்டு நிலைகள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வகுப்பில் கேட்கும் பத்துக் குறைகளில் ஆறேழுக்குக் காரணம் இதுதான்.

வலைப்பக்கத்தில் என்விடிஏ இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆங்கிலத்தில் பிரௌஸ் மோட் என்பதை நாங்கள் வாசிப்பு நிலை என்கிறோம். ஃபோகஸ் மோட் என்பதை எழுத்து நிலை என்கிறோம்.

வாசிப்பு நிலையில் எழுத்து விசைகள் எழுதாது, தாவும். எச் அடுத்த தலைப்புக்கும், கே அடுத்த இணைப்புக்கும் கொண்டுபோகும். எழுத்து நிலையில் அதே விசைகள் நீங்கள் நிற்கும் பெட்டியில் எழுத்தாக விழும். ஒரே விசைக்கு இரண்டு வேலை இருப்பதால், எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் தட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு தம்பி தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ஹட்டன் என்று எழுதினான். அவன் இருந்தது வாசிப்பு நிலை. எச் அவனைத் தலைப்புக்குக் கொண்டுபோனது. ஏ குறிப்புரை தேடியது, கிடைக்கவில்லை. இரண்டு டியும் அட்டவணை தேடின. ஓ உட்பொதிந்த பொருளைத் தேடியது. கடைசி எழுத்தாகிய 'என்', இணைப்புக் கூட்டத்தைத் தாண்டிக் குதித்தது. கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றான். கணினி சொன்னதைச் செய்திருந்தது, எழுத்துக்கு எழுத்து.

நிலை மாறும்போது என்விடிஏ ஒரு சிறு ஒலி எழுப்பும். இரண்டு நிலைகளுக்கும் இரண்டு வேறு ஒலிகள். பேச்சை விட இந்த ஒலிக்குத்தான் காதைப் பழக்க வேண்டும். என்விடிஏ விசையைப் பிடித்து ஸ்பேஸை இருபது முறை தட்டிக் கேளுங்கள். வித்தியாசம் பிடிபடும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இனி நுணுக்கமான ஒன்று. டேப் விசையால் ஓர் எழுதும் பெட்டிக்கு வந்தால் எழுத்து நிலை தானாக வரும். ஈ விசையாலோ அம்பு விசையாலோ அதே பெட்டிக்கு வந்தால் வராது. என்டர் தட்டினால்தான் வரும். பெட்டி அதேதான், வந்த வழி வேறு. 'நேற்று எழுதியது, இன்று எழுத மாட்டேன் என்கிறது' என்ற புலம்பலின் விளக்கம் இதுவே.

வெளியே வருவதற்கு எஸ்கேப். ஆனால் நீங்களே என்விடிஏ விசை, ஸ்பேஸ் அழுத்தி எழுத்து நிலைக்குப் போயிருந்தால் எஸ்கேப் வேலை செய்யாது. எந்த வழியாகப் போனீர்களோ அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. என்விடிஏ விசை, ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் ஒற்றை எழுத்தால் தாவும் வசதி முழுவதுமாக அணைந்துவிடும். விரல் தவறி ஷிஃப்டில் பட்டுவிட்டால் எச், கே எதுவும் அசையாது. மீண்டும் அதையே அழுத்துங்கள்.

7. பக்கத்தை வாசிக்கும் வரிசை

புதியவர்கள் எல்லோரும் டேப் விசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர் 'டேப் தட்டிக்கொண்டே போ' என்று சொல்லிக்கொடுத்திருப்பார். டேப் நிற்பது இணைப்பிலும் பொத்தானிலும் பெட்டியிலும் மட்டுமே. நடுவில் உள்ள எழுத்துகளை அது தொடுவதே இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கதவுகளை மட்டும் தட்டிக்கொண்டு கடைசிவரை நடந்தால், உள்ளே யார் இருக்கிறார், என்ன பேசுகிறார் என்று எப்படித் தெரியும்?

நான் சொல்லித்தரும் வரிசை இது. சேமித்த நுவரெலியாக் கட்டுரையைத் திறந்து செய்து பாருங்கள்.

முதலில் தலைப்பு. எண் 1 தட்டினால் பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்குப் போகும். மேலே உள்ள இலச்சினை, பட்டியல், உள்நுழைவு எல்லாவற்றையும் ஒரே தட்டலில் தாண்டியாயிற்று. அங்கிருந்து கீழ் அம்பால் ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். தொடர்ந்து வாசிக்க என்விடிஏ விசை, கீழ் அம்பு. லெப்டொப் அமைப்பில் என்விடிஏ விசை, ஏ.

பிறகு எச் தட்டித் தட்டி எல்லாத் தலைப்புகளையும் கேளுங்கள். வாசிக்காதீர்கள், கேட்டுக்கொண்டே போங்கள். பார்வையுள்ளவர் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை கண்ணோட்டம் விடுவதற்கு நம்மிடம் உள்ள ஈடு இது. ஷிஃப்டைச் சேர்த்தால் எந்தத் தாவலும் பின்னோக்கிப் போகும்.

தலைப்புகளே இல்லாத பக்கங்களும் உண்டு. அங்கே டி தட்டி அட்டவணை தேடாதீர்கள். ஆங்கில எழுத்துகளில் 'ஏ, பி, சி, டி' என்று நான்காவதாக வருகிற டி வேறு, டேப் என்பதன் முதலெழுத்தாகிய டி வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்னை மன்னியுங்கள். இங்கே தட்ட வேண்டியது நான்காவது எழுத்து. அது பக்கத்தின் பெரும் பகுதிகளுக்கிடையே தாவும்: மேற்பகுதி, வழிசெலுத்தல், முதன்மைப் பகுதி. இந்த ஓர் இடத்தைத் தவிர, இந்தக் கட்டுரையில் டி என்றால் டேப்பின் முதலெழுத்துதான்.

இணைப்புகளின் நெருக்கடியில் மாட்டிக்கொண்டால் 'என்' என்ற எழுத்தைத் தட்டுங்கள். செய்தித் தளங்களின் மேற்பட்டியலைத் தாண்ட அதுவே குறுக்குவழி.

என்விடிஏ விசை, எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகளும் தலைப்புகளும் ஒரு பட்டியலாக வரும். எழுத்துகளைத் தட்டிக் குறுக்கலாம். இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பதில்லை. காரணம், செய்தித் தளங்களில் அந்தப் பட்டியல் 'மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க' என்று போகும். எதன் மேலும் என்று எப்படி அறிவது? அப்படிப்பட்ட பக்கத்தில் எச் தட்டிச் செய்தியின் தலைப்புக்குப் போய், அங்கிருந்து கே தட்டுவதே சரி.

ஒரு சொல்லைத் தேட என்விடிஏ விசை, கொன்ட்ரோல், எஃப். உலாவியின் கொன்ட்ரோல், எஃப் வேறு. அது உங்களை உலாவியின் தேடல் பட்டையில் நிறுத்தும்; கிடைத்த சொல்லின் அருகே வாசிக்கத் தொடங்க வசதியாக விடாது. அடுத்த இடத்துக்கு என்விடிஏ விசை, எஃப்3.

பக்கம் பாதியில் மாறி, என்விடிஏ பழையதையே வாசித்தால் உடனே எஃப்5 அழுத்தாதீர்கள். அது பக்கம் முழுவதையும் மறுபடி இறக்கும். டேட்டாவும் போகும், நிரப்பியதும் போகலாம். என்விடிஏ விசை, எஃப்5 என்றால் ஏற்கெனவே இறங்கிய பக்கத்தை என்விடிஏ மட்டும் மீண்டும் படித்துக்கொள்ளும். ஒரு சதம்கூடச் செலவில்லை.

8. படிவம் நிரப்புதல்

முதல் விதி: படிவத்தை ஒரு முறை முழுவதும் அம்பு விசைகளால் வாசித்துவிட்டே கை வையுங்கள். 'என்ன கேட்கிறார்கள்' என்பது பெட்டியில் இருக்கும். 'எப்படி எழுத வேண்டும்' என்பது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே வெறும் எழுத்தாக இருக்கும்.

தேசிய அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். எழுத்தைச் சேர்க்க வேண்டுமா, இடைவெளி விடலாமா என்ற குறிப்பு பெட்டியின் கீழே ஒரு வரியில் இருக்கும். டேப் அதைத் தாண்டிப் போய்விடும். நானே ஒரு விண்ணப்பத்தை இப்படி மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் திரும்பியது. நான்காம் முறை அம்பால் வாசித்தபோதுதான் அந்த வரி காதில் விழுந்தது.

வாசித்து முடித்ததும் கொன்ட்ரோல், ஹோம் அழுத்தி மேலே போய், எஃப் தட்டி முதல் பெட்டிக்கு வாருங்கள். என்டர், ஒலி கேட்டதா? எழுதுங்கள். பிறகு டேப் தட்டி அடுத்ததற்குப் போகலாம். இப்போது டேப் சரியான கருவி, ஏனெனில் பக்கத்தை ஏற்கெனவே அறிந்திருக்கிறீர்கள்.

குறியிடும் பெட்டிக்கு ஸ்பேஸ். விரியும் பட்டியலுக்கு ஆல்ட், கீழ் அம்பு. வேண்டியது வந்ததும் என்டர். அதன்பின் உடனே எஸ்கேப்போ டேப்போ அழுத்தி அங்கிருந்து விலகுங்கள். இல்லாவிட்டால், அடுத்த வரியை வாசிப்பதாக எண்ணி நீங்கள் தட்டும் கீழ் அம்பு, தெரிவையே மாற்றிவிடும். ஆங்கில அகரவரிசையில் நுவரெலியாவுக்கு அடுத்த மாவட்டம் பொலன்னறுவை. எங்கள் அறையில் இதுவரை எத்தனை பேர் பொலன்னறுவைக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள் என்று நான் எண்ணி வைக்கவில்லை.

அனுப்பும் முன் மறுபடி மேலிருந்து எஃப் தட்டி ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளதைக் கேளுங்கள். சந்தேகமானால் என்விடிஏ விசை, டேப் நீங்கள் நிற்கும் பெட்டியைத் திரும்பச் சொல்லும்.

அனுப்பிய பின் எதுவுமே நடக்காதது போல இருந்தால், ஏதோ ஒரு பெட்டி தவறு. பார்வையுள்ளவருக்கு அது சிவப்பில் தெரியும். நன்றாக அமைத்த பக்கம் என்றால் எஃப் தட்டும்போது செல்லாத பதிவு என்று என்விடிஏ சொல்லும். இல்லாவிட்டால் பெட்டிகளைச் சுற்றி அம்பால் வாசித்துப் புதிதாக முளைத்த வரியைத் தேடுங்கள்.

படத்தில் உள்ள எழுத்தைப் படித்து எழுதச் சொல்லும் சோதனைக்கு நம்மிடம் நேரடி வழி இல்லை. பி (ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து) தட்டி அருகில் ஒலிச் சோதனைக்கான பொத்தான் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அருகில் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறை பக்கத்தைச் செய்தவர்களுடையது.

கடவுச்சொல்லை எழுதும்போது என்விடிஏ எழுத்தைச் சொல்லாது, நட்சத்திரக் குறியை மட்டும் சொல்லும். ஆனால் பயனர் பெயரையும் கணக்கு இருப்பையும் உரக்கச் சொல்லும். காதணிக் கருவி இல்லாமல் பொது இடத்தில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

9. அட்டவணை

டி தட்டி அட்டவணைக்குள் நுழையுங்கள். கொன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்து அம்பு விசைகளால் கட்டத்துக்குக் கட்டம் நகருங்கள். ரயில் நேர அட்டவணை என்றால் முதலில் கீழே இறங்கி ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று உங்கள் நிலையத்தைப் பிடித்து, பிறகு பக்கவாட்டில் போங்கள். வெறும் கீழ் அம்பால் வாசித்தால் எந்த நேரம் எந்த நிலையத்துக்கு என்று கலந்துவிடும்.

சில பழைய கணினிகளில், அட்டவணைக்கு வெளியே இந்தச் சேர்க்கையை அழுத்தினால் திரையே தலைகீழாகப் புரண்டுவிடும். நமக்கு அது தெரியாது. அருகில் இருப்பவர்தான் அலறுவார். கொன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு அதை நிமிர்த்தும்.

10. தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய தொல்லைகள்

அரசாங்கத் தளங்கள் பல சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திறக்கும். மொழி மாற்றும் இணைப்பு பெரும்பாலும் பக்கத்தின் மேல்முனையில் இருக்கும். கொன்ட்ரோல், ஹோம்; பிறகு கே தட்டிப் பாருங்கள். வேறெங்கும் தேடும் முன் இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் தன் மொழி எது என்று உள்ளே குறித்திருக்கும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் என்று குறித்துவிட்டால், என்விடிஏ அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறும். சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் வாயடைத்துப்போகும். பக்கம் வெறுமை என்று நாம் நினைப்போம். என்விடிஏ விசை, கொன்ட்ரோல், வி அழுத்திக் குரல் அமைப்புகளைத் திறந்து, மொழியைத் தானாக மாற்றும் தெரிவை எடுத்துவிடுங்கள். உங்கள் தமிழ்க் குரலே எல்லாவற்றையும் வாசிக்கும்.

அடுத்தது பாமினி. நம் நாட்டில் பாடக்குறிப்புகள், சுற்றறிக்கைகள், பழைய வினாத்தாள்கள் ஏராளமாக இந்த எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல், தமிழ் முகமூடி போட்டது. 'வணக்கம்' என்ற சொல் அங்கே டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. என்விடிஏ அதைத்தான் வாசிக்கும். குரலை மாற்றிப் பயனில்லை, வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. எழுத்துகளைப் பிரதிசெய்து, பாமினியை யூனிகோடாக (கணினி தமிழாகவே அறியும் எழுத்துமுறை) மாற்றும் கருவியில் ஒட்டி மாற்றினால்தான் கேட்கும். அதைவிட நல்லது, அனுப்பியவரிடம் யூனிகோடில் கேட்பது. ஒருமுறை காரணத்தைச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒளிப்படமாக எடுத்துப் போட்ட அறிவித்தல்கள் மூன்றாவது வகை. அங்கே என்விடிஏ 'படம்' என்று மட்டும் சொல்லும். என்ன செய்தாலும் பேசாத பக்கம் பாமினியா படமா என்று அறிய, ஓர் எழுத்தின் மேல் வல அம்பைத் தட்டுங்கள். ஆங்கில எழுத்து வந்தால் பாமினி. எதுவும் வராவிட்டால் படம்.

11. பேச்சு நின்றுபோனால்

பதறாமல் இந்த வரிசையில் போங்கள். கொன்ட்ரோல், ஆல்ட், என். என்விடிஏ விழுந்திருந்தால் எழும், ஏற்கெனவே ஓடினால் புதிதாகத் தொடங்கும். அதிலும் பேசாவிட்டால் காதணிக் கருவியின் கம்பியையும் ஒலியளவையும் பாருங்கள். பேச்சுக்குப் பதில் பீப் ஒலி வந்தால் என்விடிஏ விசை, எஸ் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறது. பேச்சு திரும்பும்வரை அதையே தட்டுங்கள். கடைசி வழி, விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், என்டர். நரேட்டர் பேசினால் கணினி நலம், குறை என்விடிஏயில்.

12. அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு

பார்வையுள்ள தம்பி, தங்கை, பிள்ளைகள்தான் வீட்டில் ஆசிரியர்கள். என்விடிஏயின் கருவிகள் பட்டியலில் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் ஒரு சாளரம் இருக்கிறது. அதைத் திறந்து வையுங்கள். பக்கத்தைப் பார்க்காமல் அந்தச் சாளரத்தை மட்டும் பாருங்கள். கற்பவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான் என்பது அப்போது புரியும்.

'வலப்பக்க மூலையில் நீலப் பொத்தான்' என்று சொல்லாதீர்கள். 'முதன்மைத் தலைப்புக்குக் கீழே இரண்டாவது பொத்தான்' என்று சொல்லுங்கள். அவரிடம் இருப்பது மூலையில்லை, வரிசை.

அவர் தவறான விசையைத் தட்டினால் உடனே திருத்த வேண்டாம். என்விடிஏ சொல்வதைக் கேட்டுத் தானே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் சுட்டியைத் தொடாதீர்கள். அது அசையும்போதெல்லாம் அதன் கீழே உள்ளதை என்விடிஏ வாசிக்கத் தொடங்கி, கற்பவர் கேட்டுக்கொண்டிருப்பதை நடுவில் வெட்டிவிடும். தொட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் என்விடிஏ விசை, எம் அழுத்தி அந்த வாசிப்பை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.